காற்று சுத்தம்தான், மரத்தின் தாடி எங்கே போனது?

நீலகிரி, பழனி மலை வாசகர்களின் கேள்விகளுக்கு எங்கள் சூழலியல் குழுவின் பதில்கள். இந்த இதழில்: காற்று மாசும் மலை உயிர்களும்.

லாங்வுட் சோலைக்குள் மரக்கிளைகளில் சாம்பல் பச்சையாகத் தாடி போல ஒன்று தொங்குகிறது. மேட்டுப்பாளையம் சாலையோர மரங்களில் அது ஒன்றுகூட இல்லை. வண்டிப் புகைதான் காரணமா? எங்கள் பள்ளி மாணவர்களை வைத்து இதை அளந்து பார்க்க முடியுமா?
– ஆசிரியை, கோத்தகிரி

நீங்கள் பார்த்தது உஸ்னியா என்ற லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர். செட்டிநாட்டுச் சமையலில் போடுகிற கல்பாசியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இதற்கு வேர் கிடையாது, இலைகளுக்கு இருக்கிற மெழுகுப் படலமும் கிடையாது. மழை, மேகமூட்டம், தூசி என எது வந்து படிந்தாலும் நேராக உடம்புக்குள் இறங்கிவிடும். புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு உள்ளே கரைந்ததும் பாசியின் பச்சையம் சிதைகிறது. பாசி செத்தால் பூஞ்சைக்கும் சாப்பாடு இல்லை. பட்டையோடு ஒட்டிக் கிடக்கும் வகை ஓரளவு தாங்கும். இலை இலையாக விரியும் வகை அதைவிடக் குறைவாகத் தாங்கும். உடம்பு முழுவதையும் காற்றில் நீட்டிக்கொண்டு தொங்கும் தாடி வகைதான் முதலில் போகும். 1866-லேயே நைலாந்தர் என்ற தாவரவியலாளர் பாரிஸில் இதைக் கவனித்தார். நகரின் மற்ற இடங்களில் காணாமல் போயிருந்த லைக்கன்கள் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் மட்டும் இருப்பதைப் பார்த்து, காற்றின் தரத்தை இவற்றை வைத்தே சொல்லலாம் என்று எழுதினார்.

ஆனால் உங்கள் சாலை விஷயத்தில் பழி முழுவதையும் புகைமேல் போட அவசரப்படாதீர்கள். சோலைக்குள் ஈரம் அதிகம், சாலையோரம் வெயிலும் காற்றும் அதிகம். புகையே இல்லாவிட்டாலும் இரண்டு இடத்திலும் ஒரே லைக்கன் வளராது. ஆகவே சோலையையும் சாலையையும் ஒப்பிடாமல், சாலையிலிருந்து விலக விலக ஒரே மாதிரி மரங்களில் என்ன மாறுகிறது என்று பாருங்கள்.

தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் இதற்கு வசதி, எங்கும் கிடைக்கும். யூகலிப்டஸ் வேண்டவே வேண்டாம். பட்டையை உரித்து உரித்துப் போடுகிற மரத்தில் லைக்கன் நிலைப்பதில்லை. சாலையிலிருந்து 10, 50, 100, 300 மீட்டர் தூரங்களில் தூரத்துக்கு ஐந்து மரமாவது எடுங்கள். எல்லாம் நேராக நிற்பவையாக, சுற்றளவு 60 சென்டிமீட்டருக்குக் குறையாதவையாக இருக்கட்டும். 10 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டுக்கம்பியால் ஒரு சட்டம் செய்து, குறுக்கே நூல் கட்டி ஐந்து கட்டங்களாகப் பிரியுங்கள். சட்டத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மரத்தின் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு பக்கமும் வைத்து, ஒவ்வொரு வகை லைக்கனும் ஐந்தில் எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு வகைக்கு ஒரு பக்கத்தில் அதிகபட்சம் 5 மதிப்பெண். ஒவ்வொரு பக்கத்துக்கும் கூட்டி, ஐந்து மரங்களுக்குச் சராசரி எடுத்து, நான்கு பக்கச் சராசரிகளையும் சேர்த்தால் அந்த இடத்தின் எண் கிடைக்கும். எண் கூடினால் அங்கே லைக்கன் வகைகளும் பரவலும் அதிகம் என்று பொருள். ஐரோப்பாவில் தரநிலையாகவே வைத்திருக்கும் முறை இது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. 'வகை அ', 'வகை ஆ' என்று படம் வரைந்து வைத்துக்கொண்டால் போதும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருக்கட்டும். சுரண்டி எடுக்க வேண்டாம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளர்கிற உயிர், எடுத்த இடம் ஆறுவதற்குள் மாணவர்கள் கல்லூரியே முடித்துவிடுவார்கள்.

கணக்கு எங்கே கெடும் என்றும் சொல்லிவிடுகிறோம். சாலையோர மரங்களின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். அந்தச் சுண்ணாம்பு பட்டையின் அமிலத்தன்மையை மாற்றிவிடும், மழையில் வழிந்து கீழேயும் இறங்கும். அந்த மரங்களை ஒதுக்குங்கள். தேயிலைக்குக் கொப்புள நோய் வராமல் இருக்கத் தெளிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பக்கத்து சில்வர் ஓக் மேலும் படும். தாமிரம் லைக்கனைக் கொல்லும். எந்தத் தோட்டத்தில் தெளிக்கிறார்கள், கைத்தெளிப்பானா விசைத்தெளிப்பானா என்று மேஸ்திரியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால், தெளிப்பு மருந்தின் வேலையைப் புகையின் வேலை என்று எழுதிவிடுவீர்கள். தெளிப்பே இல்லாத தோட்டமாக அமைந்தால் இன்னும் நல்லது.

ஊட்டியின் காற்றுத் தரக் குறியீடு பெரும்பாலும் 'நன்று' என்றுதான் போனில் காட்டுகிறது. அப்புறம் எதற்கு இவ்வளவு கவலை?
– வாசகர், உதகை

அந்தக் குறியீடு மனிதர்களின் நுரையீரலுக்காகச் செய்தது. அதன்படி 24 மணி நேரச் சராசரியில், எருவிலிருந்தும் வண்டியிலிருந்தும் வரும் அம்மோனியா ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் 'நன்று'தான். நாட்டின் ஆண்டுச் சராசரி வரம்பு 100. லைக்கனும் மாஸ் பாசிகளும் பாதிக்கப்படாமல் இருக்க ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஆண்டு வரம்பு எவ்வளவு தெரியுமா? 1 மைக்ரோகிராம். மற்ற செடிகளுக்கு 3.

நம் 2009-ஆம் ஆண்டுத் தேசியத் தரநிலையிலும் இந்த யோசனை இல்லாமல் இல்லை. கந்தக டை ஆக்சைடுக்கு மற்ற இடங்களில் ஆண்டுச் சராசரி 50 மைக்ரோகிராம், சூழல் நுண்பகுதியாக, அதாவது எளிதில் பாதிக்கப்படும் இயற்கைப் பகுதியாக, மத்திய அரசு அறிவித்த இடங்களில் 20. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 40, சூழல் நுண்பகுதியில் 30. இதில்கூட ஓர் இடைவெளி உண்டு. நுட்பமான லைக்கன்களுக்கான கந்தக டை ஆக்சைடு வரம்பை ஐரோப்பாவில் 10 என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் தாராளமாக மூச்சுவிடும் காற்றில் சோலை மரத்து லைக்கன் திணறலாம். குறியீடு பொய் சொல்லவில்லை. அது லைக்கனைப் பற்றிப் பேசவே இல்லை.

பீன்ஸ் இலையில் வெண்கல நிறத்தில் பொடிப் பொடிப் புள்ளி. கடைக்காரர் சிலந்திப்பேன் என்று மருந்து கொடுத்தார், அடித்தும் அடங்கவில்லை. வேளாண்மை படிக்கும் பையன் 'ஓசோனாக இருக்கும்' என்கிறான். ஓசோன் நல்லதுதானே?
– விவசாயி, மன்னவனூர்

வானத்தின் உயரத்தில் இருக்கும் ஓசோன் நல்லது. தரைக்குப் பக்கத்தில் உண்டாவது செடிக்கும் ஆளுக்கும் கெடுதல். வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. கரிமச் சேர்மங்களுக்குப் பெட்ரோல்தான் வேண்டும் என்றில்லை. யூகலிப்டஸ் மரங்களே ஐசோப்ரீனும் டெர்பீனும் தாராளமாக வெளியிடும். காட்டு வாசனை தனியாக இருந்தால் தொல்லை இல்லை, புகையோடு சேர்ந்தால்தான் வம்பு. சமவெளியில் காலையில் கிளம்பும் மாசு, வெயில் ஏற ஏற மலைச்சரிவைப் பிடித்து மேலே வரும், வரும் வழியிலேயே ஓசோனாகும். இன்னொன்று: ஊருக்குள் இரவில் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும். மலை முகட்டில் அதற்கு ஆளில்லை, ஓசோன் விடிய விடிய நிற்கும்.

இனி உங்கள் இலைக்கு வருவோம். மருந்து வாங்குவதற்கு முன் கால் மணி நேரம் செலவழியுங்கள். வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டுங்கள். சிலந்திப்பேன் என்றால் ஊர்கிற புள்ளிகள் விழும், இலையின் அடிப்பக்கம் மெல்லிய வலையும் இருக்கும். விரலால் தேய்த்துத் துரு நிறப் பொடி ஒட்டினால் துரு நோய். இரண்டும் இல்லாமல், இலையின் மேற்பக்கத்தில் மட்டும், நரம்புகளுக்கு நடுவில் மட்டும் புள்ளி இருந்து, நரம்பு பச்சையாகவே நின்று, அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால் ஓசோன் சந்தேகம் வலுக்கும். அடியிலைகளில் அதிகமாகவும் கொழுந்தில் இல்லாமலும் இருக்கும். ஒரு இலையின்மேல் இன்னொரு இலை கவிந்திருந்த இடத்தைத் தூக்கிப் பாருங்கள். நிழல் விழுந்த பகுதியில் புள்ளி இல்லாமல் மேலிலையின் வடிவம் அப்படியே பச்சையாக அச்சு விழுந்திருந்தால், பையன் சொன்னது சரி என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். வரப்பில் வெள்ளைக் குளோவர் இருந்தால் அதையும் பாருங்கள், ஓசோனுக்கு அதுவும் சட்டென்று காட்டிக்கொடுக்கும்.

இதற்குத் தெளிக்க மருந்து கிடையாது. பூச்சிமருந்து அடிப்பது பணத்துக்கும் கேடு, சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளுக்கும் கேடு. ஓசோன் இலைத்துளை வழியாகத்தான் உள்ளே போகிறது, நன்றாகத் தண்ணீர் பாய்ந்த செடி துளையை அகலத் திறந்து வைக்கும். அதற்காகச் செடியை வாட விட்டால் விளைச்சல் அதைவிட அதிகம் போகும், அந்த யோசனை வேண்டாம். வெயில் மாதங்களில் புள்ளி விழாத ரகம் எது என்று அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பார்த்து அடுத்த பட்டத்துக்கு அதை எடுப்பதுதான் கைக்கெட்டிய வழி. பகல் நேரத்தில் ஓசோன் 40 பிபிபி-யை (நூறு கோடிக்கு 40 பங்கு) எவ்வளவு தாண்டுகிறது என்பதை மணிக்கு மணி கூட்டிப் பார்த்துத்தான் பயிர் இழப்பைக் கணக்கிடுகிறார்கள். ஆக, ஒரு நாள் உச்சத்தைவிட மூன்று மாதம் தொடர்ந்து இருக்கும் மிதமான அளவே விளைச்சலைக் குறைக்கும்.

சாலையோரம் வைத்த தேனீப் பெட்டிகளில் வேலை மந்தம். காபி பூக்கும் நேரத்தில்கூடப் பூவுக்குப் போவது குறைகிறது. புகைக்கும் தேனீக்கும் என்ன?
– காபி விவசாயி, தாண்டிக்குடி

நிறையவே உண்டு. தேனீ தூரத்திலிருந்து பூவைக் கண்டுபிடிப்பது வாசனையை வைத்து. ஓசோனும் டீசல் புகையும் அந்த வாசனை மூலக்கூறுகளை வழியிலேயே உடைத்துவிடுகின்றன. அமெரிக்காவில் 2008-ல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, மாசில்லாத காற்றில் 1000 முதல் 1200 மீட்டர் வரை போன பூவாசம், இன்றைய மாசில் 200, 300 மீட்டரில் முடிந்துவிடுகிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் வயலில் கடுகுச் செடிகளைச் சுற்றி டீசல் புகையையும் ஓசோனையும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்ளேயே விட்டுப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவு: மகரந்தம் சுமக்கும் பூச்சிகள் 70 சதவீதம் வரை குறைந்தன, பூவுக்கு வருகை 90 சதவீதம் வரை குறைந்தது.

நமக்கு நெருக்கமான சான்று பெங்களூருவிலிருந்து. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தார் மலைத்தேனீக்களை மாசு குறைந்த இடங்களிலும் கூடிய இடங்களிலும் பிடித்து ஒப்பிட்டார்கள். 2020-ல் வெளியானது. மாசு மிதமாகவும் அதிகமாகவும் இருந்த இடங்களில் பிடித்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் செத்தன. இதயத் துடிப்பிலும் மாற்றம் தெரிந்தது. பூவுக்கு வரும் எண்ணிக்கையும் அங்கே குறைவு.

காபிக்கு இது வலிக்கும் இடம் எது என்றால், பூமழை, அதாவது மொட்டைப் பூக்க வைக்கும் மழை, பெய்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே மூச்சில் பூத்து, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அந்த இரண்டு நாள் தவறினால் ஈடுகட்ட வாய்ப்பில்லை. கோடை விடுமுறை நெரிசலும் அதே மாதங்களில்தான். அரேபிகா தானே கருவுறும் என்பதால் முழுவதும் கெட்டுப்போகாது, தேனீ வந்தால் காய்ப்பிடிப்பு கூடும். ரொபஸ்டாவுக்கு அயல் மகரந்தம் இல்லாமல் நடக்காது. பெட்டிகளைச் சாலையிலிருந்து 200, 300 மீட்டர் உள்ளே, நிழல் மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். வண்டிப் புகையின் அடர்த்தி அந்தத் தூரத்தில் பெரும்பாலும் சுற்றுப்புற அளவுக்கு இறங்கிவிடும். பூக்கும் வாரத்தில் தோட்டத்துச் சருகை எரிக்காதீர்கள். மந்தத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். பெட்டியைத் திறந்து ராணி முட்டையிடுகிறதா, மெழுகுப்புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சாலையைத் திட்டுங்கள்.

காய்கறித் தோட்டத்துக்குக் கோழி எரு இறக்கியதும் ஒரு வாரம் கண் எரிகிறது. இதுவும் காற்று மாசில் சேருமா?
– வாசகி, கேத்தி

சேரும். கண்ணை எரிக்கிற அம்மோனியாதான் மேலே சொன்ன லைக்கன் கணக்கில் வருவது. குவியலுக்குப் பக்கத்தில் உள்ள மரங்களில் தாடி வகை போய், நைட்ரஜனை விரும்பும் சாம்பல், மஞ்சள் நிற ஒட்டு வகைகள் பெருகும். மரம் நிறைய லைக்கன் இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, எந்த லைக்கன் என்று பார்க்க வேண்டும்.

காற்றில் போவது உங்கள் காசும்தான். குவியலைத் தார்ப்பாயால் மூடுங்கள். பரப்பிய எருவை அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், மண்ணோடு கொத்திவிடுங்கள். மேலே கிடந்தால் முதல் நாளிலேயே பெரும் பகுதி ஆவியாகும். நீலகிரி மண் புளிப்பு மண் என்பதால் டோலமைட்டோ சுண்ணாம்போ போடும் வழக்கம் உண்டு. அதையும் எருவையும் ஒரே நாளில் போடுவதுதான் பெரிய தப்பு. காரம் ஏறினால் அம்மோனியா வாயுவாகிப் பறக்கும். யூரியாவுக்கும் இதே கதைதான். சுண்ணாம்புக்கும் எருவுக்கும் நடுவே இரண்டு, மூன்று வாரம் விடுங்கள்.

மேகமூட்டத்தில் மாசு இருந்தால் ஓடைத் தண்ணீர் கெடுமா?
– வாசகர், குந்தா

மேகத் துளி சின்னது, அதில் கரைந்திருக்கும் சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் மழைத் துளியில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவானவை. அந்தத் துளிகளைக் காற்றிலிருந்து பிடித்து நிறுத்துவது சோலை மரங்களின்மேல் உள்ள மாஸ் பாசி, லைக்கன் போர்வை. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைத் தாங்கி, சொட்டுச் சொட்டாக விடும். மாசு அந்தப் போர்வையை அரித்தால் மூட்டத்திலிருந்து கிடைக்கிற ஈரத்தில் ஒரு பங்கு மண்ணுக்கு வராமலே போகும். தண்ணீரின் தரத்தைவிட இதுதான் முன்னால் கவனிக்க வேண்டியது.

புல்வெளிக்கு வேறு பிரச்சினை. காற்று வழி வரும் நைட்ரஜன் உரம் போல வேலை செய்து, வேகமாக வளரும் சில செடிகளை ஓங்கவிட்டு, மெதுவாக வளரும் பலவற்றை அமுக்கிவிடும். பிரிட்டன் புல்வெளிகளில் 2004-ல் வெளியான ஆய்வின்படி, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2.5 கிலோ நைட்ரஜன் கூடுதலாக விழும்போதெல்லாம் 4 சதுர மீட்டரில் ஓர் இனம் குறைந்திருந்தது. நம் புல்வெளிகளில் சீகை (வாட்டில்) மரமும் வேர் முடிச்சு வழியாக நைட்ரஜனைச் சேர்ப்பதால், காற்றின் பங்கைத் தனியாகப் பிரிக்கச் சீகை இல்லாத சரிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

தெர்மாமீட்டர் ஆலை மூடி இத்தனை ஆண்டாகியும் கொடைக்கானலில் பாதரசம் பற்றிப் பேசுகிறார்களே?
– வாசகி, கொடைக்கானல்

ஆலை 2001-ல் மூடியது. பாதரசம் அதோடு போய்விடுகிற பொருள் இல்லை. ஆவியாகக் கிளம்பியதை இலையும் பாசியும் பிடித்துக்கொள்ளும். இலை உதிர்ந்து மண்ணுக்கு வரும், மண்ணின் மட்கோடு ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டு இருக்கும். ஏரிச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை உயிர்களின் உடம்பில் தங்கும் நச்சான மெத்தில் பாதரசமாக்கும், பிறகு சின்ன மீன், பெரிய மீன் என்று செறிவு ஏறும். கொடைக்கானல் மரப்பாசிகளிலும் லைக்கன்களிலும் ஏரி மீன்களிலும் அளந்து பார்த்துப் பாதரசம் கூடியிருந்ததை அறிவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காட்டுத்தீ மண்ணில் ஒட்டியிருப்பதைத் திரும்பவும் காற்றில் ஏற்றும். ஆலையை ஒட்டிய பாம்பார் சோலைப் பக்கம் தீ பரவாமல் பார்ப்பதற்கு இது இன்னொரு காரணம். கிறிஸ்துமஸ் குடிலுக்கும் ஆர்க்கிட் தொட்டிக்கும் அந்தப் பக்கத்துப் பாசியைப் பெயர்த்து வர வேண்டாம்.

இ-பாஸ் வைத்து வண்டிகளைக் குறைத்தால் காட்டுக்கு நன்மை உண்டா?
– வாசகர், வத்தலக்குண்டு

உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் இ-பாஸ், அதாவது மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான இணையவழி அனுமதிச் சீட்டு, வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. எண்ணிக்கையைவிட நெரிசல் குறைவது முக்கியம். ஏற்றத்தில் நின்று நின்று நகரும் வண்டிதான் அதிகம் கக்கும். 2020 ஏப்ரலிலிருந்து எரிபொருளில் கந்தகம் 50 பிபிஎம்-லிருந்து (பத்து லட்சத்துக்கு 50 பங்கு) 10 ஆகக் குறைந்தது, அது லைக்கனுக்கு நல்ல செய்தி. நைட்ரஜன் அப்படிக் குறையவில்லை. பெட்ரோல் காரில் புகையைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் வினையூக்கிக் குழாயே கொஞ்சம் அம்மோனியா விடும் என்பது பலருக்குத் தெரியாது. இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் இரண்டாவது கியரில் வாருங்கள். பிரேக் தூள் குறையும், இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் அந்த நேரத்தில் எரிபொருளும் போகாது.

சாலையோரம் என்ன மரம் நட்டால் புகை குறையும்?
– வாசகர், பெருமாள்மலை

மரத்தைவிட வேலி நல்லது. புகைக்குழாய் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, மரத்தின் இலையோ பத்தடி உயரத்தில். தரையிலிருந்தே இலை அடர்ந்த, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரமுள்ள உள்ளூர்ப் புதர்ச் செடிகளை நடுங்கள். இருபுறமும் மரம் கவிந்து குகை போலானால் புகை வெளியேறாமல் உள்ளேயே நிற்கும். இயற்கைப் புல்வெளியில் மட்டும் எந்த மரமும் வேண்டாம்.

லைக்கன் நஞ்சை உறிஞ்சும் என்றால் கல்பாசியைக் குழம்பில் போடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

ஒரு குழம்புக்குக் கால் டீஸ்பூன்கூடப் போடுவதில்லை, பயப்பட வேண்டாம். மலைக்குப் போகும்போது சாலையோர மரத்திலிருந்தோ தோட்டத்து சில்வர் ஓக்கிலிருந்தோ நீங்களே பிய்த்து வருவது மட்டும் கூடாது. ஈயமும் தாமிரமும் சேர்ந்திருக்கும். கடையில் வாங்கியதைக் கல், பட்டைத் துணுக்கு நீக்கி, ஒருமுறை அலசி உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.